கையில் செத்த பல்லியோடு ஒரு முழுக்கு

யூத மரபில் பாவத்திலிருந்து மீள்வதற்கு 'தெஷுவா' என்று பெயர். எபிரேயத்தில் அதற்குத் 'திரும்புதல்' என்று பொருள். தமிழ் பைபிளின் 'மனந்திரும்புதல்' இதற்கு அருகில் வருகிறது. நமக்குச் சட்டென்று தோன்றும் 'பரிகாரம்' வராது. சடங்கை முடித்தால் கணக்குத் தீர்ந்தது என்ற நினைப்பில்தான் முதல் தவறே பிறக்கிறது.

பாவநிவாரண நாளான யோம் கிப்பூரில் சுமார் 25 மணி நேரம் சோறு தண்ணீர் கிடையாது, தோல் செருப்பும் ஆகாது. 'இப்போது செய்வோம், அந்த நாள் பார்த்துக்கொள்ளும்' என்று பாவம் செய்கிறவனுக்கு அந்த நாள் எதையும் தீர்க்காது என்று சுமார் 1,800 ஆண்டுகளுக்கு முன் தொகுக்கப்பட்ட யூதச் சட்டநூலான மிஷ்னா முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுகிறது.

பெரிய சறுக்கல் அடுத்தது. கடவுளுக்கு எதிரான குற்றத்தைத்தான் யோம் கிப்பூர் தீர்க்கும். அடுத்த மனிதருக்குச் செய்ததை, அவரைச் சமாதானப்படுத்தும்வரை தீர்க்காது. திருடிய பணத்தை வீட்டில் வைத்துக்கொண்டு ஜெப ஆலயத்தில் நெஞ்சில் தட்டிக்கொள்வது வீண். எகிப்தில் வாழ்ந்து 1204-இல் மறைந்த யூத அறிஞர் மைமோனிடஸ் இதற்கு வழிமுறையே வகுத்தார். நஷ்டத்தைக் கொடுத்தால் மட்டும் போதாது, மன்னிப்பும் கேட்க வேண்டும். பாதிக்கப்பட்டவர் இறங்கி வராவிட்டால் அவருடைய நண்பர்கள் 3 பேரை அழைத்துப் போய்க் கேட்க வேண்டும். அப்படி 3 முறை போயும் மசியாவிட்டால் விட்டுவிடலாம். இனி மன்னிக்காதவரே பாவி. ஆள் இறந்துபோயிருந்தால்? 10 பேரைக் கூட்டிக்கொண்டு கல்லறைக்குப் போய் அங்கே அறிக்கையிட வேண்டும், பாக்கியை வாரிசிடம் கொடுக்க வேண்டும்.

ஒன்றும் அறியாதவரிடம் போய், "உங்களைப் பற்றி இல்லாததும் பொல்லாததும் பேசினேன், மன்னியுங்கள்" என்று கேட்கலாமா? இதில் ரபிகள் என்ற யூத மதகுருக்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. என் வரையில், நம் பாரத்தை இறக்க அவர் நெஞ்சில் புதிதாய் ஒன்றை ஏற்றுவது நியாயமாகப் படவில்லை.

யோம் கிப்பூர் தொடங்கும் மாலையில் பாடப்படும் 'கோல் நித்ரே' எல்லா வாக்குறுதிகளையும் ரத்து செய்துவிடும் என்பதும் தப்பு. கடவுளிடம் தனக்குத்தானே செய்துகொண்ட நேர்ச்சைகளுக்கே அது பொருந்தும்; கடன்காரனுக்குக் கொடுத்த வாக்கு அப்படியே நிற்கும்.

இனி முழுக்கு. தீட்டுக் கழிக்க மூழ்கும் மிக்வே என்ற நீர்த்தொட்டியை அழுக்குப் போகும் இடமென்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் உடம்பை நன்றாகக் கழுவிவிட்டுத்தான் அதில் இறங்க வேண்டும். மழைநீரோ ஊற்றுநீரோ 40 செயா இருக்க வேண்டும். ஓர் ஆள் முழுதாக மூழ்கப் போதுமான பழைய அளவு அது. உடம்புக்கும் தண்ணீருக்கும் நடுவே எதுவும் வரக்கூடாது என்பதால் மோதிரத்தைக் கழற்றி, நகப்பூச்சையும் துடைத்துவிட்டே இறங்குகிறார்கள்.

வாயால் அறிக்கையிட்டுவிட்டுப் பாவத்தை விடாதவனை, மிஷ்னாவை விரித்துப் பேசும் தல்மூத் நூல் இந்த முழுக்கோடுதான் ஒப்பிடுகிறது. பல்லி மாதிரித் தீட்டான ஒரு செத்த பிராணியைக் கையில் பிடித்துக்கொண்டு, உலகத்துத் தண்ணீரிலெல்லாம் முழுகினாலும் அவன் தீட்டு போகாது. அதைத் தூக்கி எறிந்துவிட்டால் அந்த 40 செயாவே போதும்.