குமிழியோடு வந்த ஆங்கிலச் சொற்கள்

இரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகள், ‘ஃப்ளோட்’, ‘பர்ஸ்ட்’ போன்ற சொற்களைப் பத்து முறை எழுதியும் மறுநாளே மறந்துவிடுவது எனக்குப் பெருங்கவலையாக இருந்தது. அம்பாசமுத்திரத்தில் எங்கள் வீட்டு முற்றத்தில் அமர்ந்து, பப்பாளி இலைக்காம்பை நறுக்கிச் சோப்பு நீரில் தோய்க்கையில் ‘டிப்’, மெல்ல ஊதுகையில் ‘ப்ளோ’, குமிழி மிதக்கையில் ‘ஃப்ளோட்’, உடைகையில் ‘பர்ஸ்ட்’ என்று அந்தந்த நொடியிலேயே நான் சொல்ல, அவளும் சொல்லத் தொடங்கினாள். ஆனி மாதக் காற்றில் குமிழிகள் உடனே உடைந்ததால், நீர் ஆவியாவதைத் தாமதப்படுத்தும் கிளிசரினைச் சில துளிகள் சேர்த்தேன். சொல்லி முடிக்கும்வரை குமிழி நின்றது. எழுத்துக்கூட்டச் சொல்வதை அந்நாட்களில் அறவே நிறுத்தியதே சரியென்று இன்றும் கருதுகிறேன். நான்காம் நாள் மாலை, பூவரச இலையின் நுனியில் ஒட்டிக்கொண்டு வானவில் நிறங்களோடு நடுங்கிய குமிழியைக் காட்டி, “எப்பா, இது இன்னும் பர்ஸ்ட் ஆவல” என்று அவளாகவே சொன்னாள்.