குழந்தை உள்ள வீட்டில் பெரிய காவல் நாயா?

களத்தில் நெல் கிடக்கிறது, கொல்லையில் மோட்டார் இருக்கிறது, காவலுக்கு ராட்வைலர் நாய் வாங்கலாமா என்றால், வாங்கலாம், ஆனால் வீட்டில் ஐந்து வயசுக்குள் பிள்ளை இருந்தால் கொஞ்சம் பொறுங்கள். வளர்ந்த ஆண் நாய் 50 கிலோ வரும். கடிக்கவே வேண்டாம், வாலாட்டிக்கொண்டு ஓடிவந்து மோதினாலே பிள்ளை திண்ணையிலிருந்து விழுந்துவிடும். நாட்டு நாய்களான ராஜபாளையமும் கோம்பையும் நம்ம வெயிலைத் தாங்கும், ஆனால் அந்நியரை லேசில் சேர்க்காது. விளையாட வரும் பக்கத்து வீட்டுப் பிள்ளையும் அதற்கு அந்நியர்தான்.

எட்டு வாரக் குட்டியாக எடுத்து, டிராக்டர் சத்தம், நடவு ஆட்கள், பிள்ளைகள் கூச்சல் எல்லாவற்றுக்கும் அப்போதே பழக்குங்கள். பகலெல்லாம் தென்னையில் கட்டிப் போட்டால் மூர்க்கம்தான் ஏறும். நாய் சாப்பிடும்போது பிள்ளை கிட்டே போகக் கூடாது. உறுமினால் அடிக்காதீர்கள், பிள்ளையை விலக்குங்கள். உறுமலை அடித்து அடக்கினால் அடுத்த தடவை சத்தமில்லாமல் கடிக்கும். எவ்வளவு சாதுவானாலும் பெரியவங்க பக்கத்தில் இல்லாமல் நாயையும் பிள்ளையையும் சேர்த்து விடாதீர்கள்.

குட்டிக்கு மூன்றாம் மாதம் வெறிநாய்க்கடி தடுப்பூசி, அப்புறம் வருஷா வருஷம். பல் கீறினாலும் 15 நிமிடம் சோப்பு போட்டுக் குழாய்த் தண்ணீரில் கழுவி, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மஞ்சள், சுண்ணாம்பெல்லாம் வேண்டாம்.