கியர்பாக்ஸை ஒரு தரம்தான் இறக்க வேண்டும்: பழைய எஸ்டீமுக்குக் கிளட்ச் மாற்றுவது

மாருதி எஸ்டீமை ஸ்போர்ட்ஸ் கார் என்று சொன்னால் சிரிப்பவர்கள் உண்டு. 1,298 சிசி, எம்பிஎஃப்ஐ (கார்புரேட்டர் இல்லாமல் பெட்ரோலைத் தெளிக்கும்) மாடலில் 85 குதிரைத் திறன், எடை ஒரு டன்னுக்கும் கீழே. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் ஓட்டிப் பார்த்தவர்கள் சிரிப்பதில்லை. செட்டிபாளையத்தில் ரேஸ் டிராக் வேறு இருப்பதால் எங்கள் பக்கத்துப் பையன்களுக்கு இந்த வண்டி மேல் தனிப் பைத்தியம். கோபாலபுரம் கேரள எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கும் என் ஷெட்டுக்கு, அந்தப் பக்கம் சித்தூர், கொழிஞ்சாம்பாறையிலிருந்தும் கொண்டு வருகிறார்கள். எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: "கிளட்ச் பிளேட் மட்டும் போட்டு விட்ருங்ணா, போதும்."

போதாது. இந்த வேலையில் பாதிப் பாடு கியர்பாக்ஸை இறக்கி ஏற்றுவதுதான். எண்ணெய் கசியாமல் தடுக்கும் இருநூறு முந்நூறு ரூபாய் சீல்களை மாற்றாமல் மிச்சம் பிடித்தால், அவை ஒழுகும்போது அதே பாட்டை மறுபடி பட வேண்டும்.

அதற்கு முன்னால், நிஜமாகவே கிளட்ச்தான் போயிருக்கிறதா என்று பாருங்கள். மூன்றாம் கியரில் ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது இன்ஜின் சத்தம் ஏறி வேகம் ஏறாவிட்டால் பிளேட் வழுக்குகிறது. உடனே ஸ்பேனரை எடுக்காதீர்கள். பானெட்டைத் திறந்து, கிளட்ச் கேபிள் வந்து சேரும் நெம்புகோலான ரிலீஸ் ஆர்மின் நுனியைக் கையால் ஆட்டுங்கள். 2 முதல் 4 மில்லிமீட்டர் வரை லூஸ் இருக்க வேண்டும். துளிகூட இல்லையென்றால் கேபிளை யாரோ இறுக்கி வைத்திருக்கலாம், அல்லது பிளேட் தேய்ந்து லூஸ் குறைந்திருக்கலாம். தளர்த்தி ஓட்டிப் பாருங்கள். சத்தமும் சேதி சொல்லும். கிளட்ச் பெடலை மிதித்தால் இரைச்சல் வந்தால், மிதிக்கும்போது கிளட்சைத் தள்ளும் ரிலீஸ் பேரிங். நியூட்ரலில் காலை எடுத்தால் இரைச்சல், மிதித்தால் அடங்குகிறது என்றால் கியர்பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட் (இன்ஜின் சுழற்சியை உள்ளே கொண்டுபோகும் தண்டு) பேரிங். அது வேறு செலவு.

சரி, இறக்குவோம். வண்டியை ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஹாலோ பிளாக் வேண்டாம், அது சொல்லாமல் கொள்ளாமல் உடையும். தென்னங்கட்டையும் வேண்டாம், பிளந்துகொள்ளும். பேட்டரியின் நெகட்டிவ் வயரை முதலில் கழற்றுங்கள். கியர் ஆயிலை வடிக்கும் முன் ஊற்றும் போல்ட் திறக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். வடித்த பிறகு அது துருப்பிடித்துச் சுற்றாமல் நின்றால் வண்டி அங்கேயே கிடக்கும். கீழே சிந்தும் எண்ணெய்க்கு எங்கள் ஊரில் தென்னை நார்த்தூள் மூட்டை மூட்டையாகக் கிடைக்கிறது, மரத்தூளைவிட நன்றாக உறிஞ்சும்.

கிளட்ச் கேபிள், ஸ்பீடோமீட்டர் கேபிள், ரிவர்ஸ் லைட் வயர், ஸ்டார்ட்டர், கியர் ராடு எல்லாம் கழன்ற பிறகு டிரைவ் ஷாஃப்ட், அதாவது சக்கரத்தைச் சுழற்றும் தண்டு. ஹப் நட்டைத் தொட வேண்டியதில்லை. கீழ் பால் ஜாயின்ட் போல்ட்டை எடுத்து சக்கரத்தைத் தாங்கும் நக்கிளை வெளியே இழுத்தால், உள்பக்கத்தை நெம்பி எடுத்துவிடலாம். எடுத்ததைத் தொங்கவிடாமல் கம்பியால் கட்டுங்கள். பெல் ஹவுசிங் (கியர்பாக்ஸை இன்ஜினோடு சேர்க்கும் கூடு) போல்ட்டுகள் எல்லாம் ஒரே நீளம் கிடையாது. அட்டைப் பெட்டியில் கியர்பாக்ஸின் வடிவத்தை வரைந்து, எடுத்த எடுத்த இடத்திலேயே குத்தி வையுங்கள். இன்ஜினுக்குக் கீழே ஜாக்கி கொடுத்த பிறகே மவுன்ட்டைக் கழற்ற வேண்டும். கியர்பாக்ஸை இறக்க இரண்டு பேர் கட்டாயம்.

கிளட்ச் பிளேட்டை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டை எடுத்ததும் வரும் தூசியை கம்ப்ரசரால் ஊதாதீர்கள். பழைய பிளேட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத்துணியால் துடையுங்கள்.

இனிமேல்தான் கண் வேலை. பிளேட்டில் ரிவெட் தலைக்கு மேல் நிற்கும் லைனிங் அரை மில்லிமீட்டர் என்றால் அதன் ஆயுள் முடிந்தது. பிளேட் நனைந்திருந்தால் முகர்ந்து பாருங்கள். கந்தக வாடை மூக்கில் ஏறினால் கியர் ஆயில், இன்புட் ஷாஃப்ட் சீல் போயிருக்கிறது. வாடையில்லாமல் கறுப்பாக இருந்தால் இன்ஜின் ஆயில், கிராங்க் ஷாஃப்ட்டின் பின்பக்க சீல் போயிருக்கிறது. நனையவே இல்லாவிட்டாலும் இரண்டையும் மாற்றுங்கள். டிரைவ் ஷாஃப்ட் சீல் இரண்டு, ரிலீஸ் பேரிங், ஃப்ளைவீல் (கிராங்க்கோடு சுழலும் கனத்த சக்கரம்) நடுவில் இருக்கும் சின்ன பேரிங், கேபிள், இவையும் புதிது. புது ரிலீஸ் பேரிங்கை மண்ணெண்ணெயில் அலசும் பழக்கம் சிலருக்கு உண்டு. உள்ளே இருக்கும் கிரீஸ் கரைந்து, சீக்கிரமே கத்த ஆரம்பிக்கும்.

ஃப்ளைவீல் முகம் கண்ணாடிபோலப் பளபளத்தாலோ, நீலத் திட்டுகள் இருந்தாலோ பொள்ளாச்சிக்கு எடுத்துப் போய் சர்ஃபேஸ் கிரைண்டிங் போடுங்கள். கழற்றும் முன் கிராங்கிலும் ஃப்ளைவீலிலும் அடையாளப் புள்ளி குத்துங்கள். முடியிழை போன்ற வெடிப்பு தெரிந்தால் கிரைண்டிங் பேச்சே இல்லை, மாற்ற வேண்டியதுதான்.

பூட்டும்போது பிளேட்டின் புடைத்த ஸ்பிரிங் பக்கம் கியர்பாக்ஸைப் பார்க்க வேண்டும். பிளேட்டை நடுவில் நிறுத்த டூல் வாங்க வேண்டாம்; பழைய வண்டிகளை உடைத்து விற்கும் கடையில் ஒரு பழைய இன்புட் ஷாஃப்ட் கேளுங்கள், அதைவிடச் சரியான டூல் கிடையாது. பிரஷர் பிளேட் போல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, கடைசியில் 23 நியூட்டன் மீட்டரில் நிறுத்துங்கள். இன்புட் ஷாஃப்ட்டின் பற்களான ஸ்பிளைனில் கிரீஸ் ஒரு பூச்சு மட்டும், மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். அதிகமானால் சுழற்சியில் சிதறி லைனிங்கில் போய் ஒட்டும்.

ஏற்றும்போது அவசரம் ஆகாது. கியர்பாக்ஸின் எடை பிளேட் மேல் ஒரு நொடிகூடத் தொங்கக் கூடாது, நடு ஹப் வளைந்துவிடும். கடைசி அரை அங்குலம் போகாமல் நின்றால் போல்ட்டைப் போட்டு இழுக்காதீர்கள், பெல் ஹவுசிங் காது உடையும். ஒருவர் கிராங்க் புல்லியை ஸ்பேனரால் மெதுவாகத் திருப்ப, மற்றவர் தள்ளினால் ஸ்பிளைன் தானாகச் சேரும். டிரைவ் ஷாஃப்ட்டைத் தள்ளும்போது டக்கென்று லாக் விழ வேண்டும். இழுத்துப் பார்த்து உறுதி செய்யுங்கள்.

கியர் ஆயில் 75டபிள்யூ-90, ஜிஎல்-4 தரம். வண்டி சமமாக நிற்கும்போது, ஊற்றும் துளையில் வழியும் வரை ஊற்றுங்கள். கேபிள் லூஸை மறுபடி வையுங்கள்.

முதல் 500 கிலோமீட்டருக்கு வால்பாறையை மறந்துவிடுங்கள். கோபாலபுரம் தாண்டி சித்தூர் பக்கம் பெரிய ஏற்றமில்லாத சாலை இருக்கிறது, அதில் நிதானமாக ஓட்டுங்கள். அரை கிளட்ச்சில் நிற்க வேண்டாம். அப்புறம் ஒரு தரம் ரிலீஸ் ஆர்மை ஆட்டி, லூஸ் 2 மில்லிமீட்டருக்குக் கீழே வந்திருந்தால் சரிசெய்து, வீல் நட்டுகளையும் ஒரு இறுக்கு இறுக்கிவிடுங்கள்.