பிளான் இல்லாம தனியா பைக்ல கிராமத்துப் பக்கம் கெளம்பறீங்களா, இதப் படிச்சுட்டுப் போங்க

எங்க போறோம்னு தெரியாம கெளம்பறதுதான் இந்த ரைடோட சுகமே, அதுல நான் கை வைக்க மாட்டேன். ஆனா எப்போ திரும்பறதுன்னு மட்டும் வாசல்லயே முடிவு பண்ணிடுங்க. நான் பண்றது என்னன்னா, பொழுது சாய 6 மணி நேரம் இருக்குன்னா ரெண்டரை மணி நேரம்தான் போவேன், அதுக்கப்புறம் ரோடு எவ்ளோ ஆசை காட்டினாலும் வண்டியத் திருப்பிடுவேன், மிச்சம் இருக்கற நேரம் பஞ்சருக்கு, வழி தப்பறதுக்கு, சும்மா ஒரு மரத்தடியில உக்காரதுக்கு.

பெட்ரோலுக்கும் இதே கணக்குதான். 10 லிட்டர் டேங்க், லிட்டருக்கு 40 குடுக்குதுன்னா 400 கிலோமீட்டர்னு மனசு சொல்லும், ஆனா குண்டும் குழியுமா இருக்கற ரோட்டுல செகண்டு கியர், தேர்டு கியர்னு மாத்திட்டே போனா அந்த 40 கெடைக்காது. பாதி டேங்க் ஆனதும் கண்ணுல படற மொத பங்க்லயே ரொப்பிடுங்க, அடுத்தது எங்க இருக்குன்னு நம்மளுக்குத் தெரியாதுல்ல.

கெளம்பறதுக்கு முன்னாடி வண்டியச் சுத்தி ஒரு 5 நிமிஷம். டயர்ல காத்து, ஓட்டறதுக்கு முன்னாடி டயர் ஆறியிருக்கும்போதே பாருங்க, ஓடி சூடானப்புறம் பாத்தா ப்ரஷர் அதிகமா காட்டும். சென்டர் ஸ்டாண்ட் போட்டு பின் வீலக் கையால மெதுவா சுத்தி ஆணி ஏதும் ஏறியிருக்கான்னு பாருங்க, அப்படியே கீழ்ச் செயினோட நடுப்பக்கம் வெரலால மேல தூக்கி எறக்குங்க, பெரும்பாலான வண்டில 2, 3 சென்டிமீட்டர் ஆடும், தொளதொளன்னு தொங்கினாலும் தப்பு, விறைப்பா நின்னாலும் தப்பு, சரியான அளவு மேனுவல்ல போட்டிருக்கும். பிரேக், லைட், ஆயில், அவ்ளோதான்.

எடுத்துட்டுப் போறதுல தண்ணியும் பஞ்சர் கிட்டும் முக்கியம். ட்யூப்லெஸ்னா ஓட்டைய ரப்பர் சொருகி அடைக்கற பிளக் கிட்டும் சின்ன பம்பும் போதும், ட்யூப் டயர்னா அந்தக் கிட் வேலைக்கே ஆகாது, வேற ட்யூபும் டயர் கழட்டற லிவரும் வேணும், கழட்டவும் பழகியிருக்கணும். மேப்ப வீட்லயே ஆஃப்லைனா டவுன்லோட் பண்ணிக்கோங்க. ரத்த வகையும் வீட்டு நம்பரும் பேப்பர்ல எழுதி பர்ஸ்ல வைங்க, போன் ஒடஞ்சா நம்பர் மனப்பாடமா வராது. எந்தத் திசைல போறேன், எத்தன மணிக்குள்ள கூப்பிடுவேன்னு யாராவது ஒருத்தர்கிட்ட சொல்லிட்டுப் போங்க, நடுவுல திசை மாத்தினீங்கன்னா சிக்னல் இருக்கற எடத்துலயே ஒரு மெசேஜ் தட்டி விடுங்க, தனியா போறவங்களுக்கு இத விடப் பெரிய பாதுகாப்பு எதுவும் இல்ல.

இப்போ ரோட்டுக்கு வருவோம். 60ல போனா ஒரு செகண்டுக்குக் கிட்டத்தட்ட 17 மீட்டர் தாண்டறீங்க, அதனால வளைவுல கண்ணுக்குத் தெரியற தூரத்துக்குள்ள நிறுத்த முடியற ஸ்பீடுதான் உங்க ஸ்பீடு, திரும்பினா டிராக்டரும் நிக்கலாம், சேறும் கெடக்கலாம். வளைவுக்கு முன்னாடி, வண்டி நேரா இருக்கும்போதே பிரேக்க முடிச்சிடணும். ஜல்லி, மணல் வந்துட்டா ஹேண்டில இறுக்கிப் புடிக்காதீங்க, முன் வீல் லேசா அலையும், அலையட்டும், ஆக்சிலேட்டர ஒரே சீரா வச்சுகிட்டு நீங்க போக வேண்டிய எடத்தப் பாருங்க, பள்ளத்தையே பாத்தா வண்டி பள்ளத்துக்குத்தான் போகும்.

நாய் தொரத்தினா காலத் தூக்கி உதைக்கவே கூடாது, பேலன்ஸ் போயிடும். தூரத்துல பாத்ததுமே ஸ்லோ பண்ணிட்டு, கிட்ட வரும்போது சீரா ஆக்சிலேட்டர் குடுத்துத் தாண்டிடுங்க, அது ஓடி வர்ற கணக்கு தப்பிடும். மாடு குறுக்க நடந்தா வாலுக்குப் பின்னால போங்க, முன்னாடி புகுந்து போகாதீங்க, ஹார்னும் வேணாம், மிரண்டா எந்தப் பக்கம் பாயும்னு சொல்ல முடியாது.

ஒரு தடவ மழை பெஞ்சு விட்ட எடத்துல ஓரமா சைடு ஸ்டாண்ட் போட்டுட்டு நாலடி கூட நடக்கல, பின்னாடி மெதுவா ஒரு சத்தம், திரும்பிப் பாக்கறேன், ஸ்டாண்டோட நுனி மண்ணுக்குள்ள போய் வண்டி அப்படியே சாய்ஞ்சு படுத்துருச்சு, கிளட்ச் லிவர் வளைஞ்சிருச்சு. தனியா தூக்கறதுக்குள்ள மூச்சு வாங்கிருச்சு. அன்னைலேருந்து ஸ்டாண்டுக்கு அடில ஒரு தட்டைக் கல்லு வைக்காம எறங்கறதே இல்ல. அப்படி விழுந்தா முதல்ல என்ஜின ஆஃப் பண்ணி, கியர்ல போட்டு, சீட்டுக்கு முதுகு குடுத்து கால் பலத்துல பின்னாடி தள்ளித் தூக்குங்க, குனிஞ்சு இழுத்தா இடுப்பு போயிடும். வலது பக்கம் விழுந்திருந்தா தூக்கறதுக்கு முன்னாடியே சைடு ஸ்டாண்ட எறக்கி விட்டுருங்க.

சாயங்காலம் உங்க நிழல் உங்களுக்கு முன்னாடி நீளமா விழுந்தா உஷாராயிடுங்க, எதிர்ல வர்றவரு கண்ணுல வெயில் நேரா அடிக்குது, நீங்க அவருக்குத் தெரியாமலே போகலாம். லேட் ஆயிட்டா மேப் காட்டற குறுக்கு வழிய நம்பாதீங்க, 20 கிலோமீட்டர் கூடுதல்னாலும் வண்டி நடமாட்டம் இருக்கற பெரிய ரோட்டப் புடிங்க. வீடு வந்து சேந்ததும் காத்துட்டு இருக்கறவருக்கு ஒரு போன் போட்டுட்டு, என்ஜின ஆஃப் பண்ணிட்டு செயின் சூடா இருக்கும்போதே செயினுக்குன்னு விக்கற லூப் ஆயில அடிச்சு விட்டுருங்க, அப்பதான் நல்லா உள்ள எறங்கும்.