சுவிஸ் நெடுஞ்சாலைக்கு இ-வின்யெட் வாங்குவது எப்படி?

ஜேர்மனியில் கார் ஓட்டிப் பழகியவர்களுக்குச் சாலைக் கட்டணம் என்ற நினைப்பே வராது. கார்களுக்குக் கட்டணம் வாங்க அங்கே ஒருமுறை திட்டம் போட்டார்கள். 2019 ஜூனில் ஐரோப்பிய நீதிமன்றம் அது செல்லாது என்று சொல்ல, திட்டம் அத்தோடு நின்றுபோனது. அதனால் சூரிச்சிலோ பெர்னிலோ உள்ள சொந்தக்காரர் வீட்டுக் கலியாணத்துக்குக் கிளம்பும்போது சேலை, பலகாரப் பெட்டி, பிள்ளைகளின் சாமான் எல்லாம் நினைவுக்கு வரும். வின்யெட் என்ற நெடுஞ்சாலைக் கட்டணம் மட்டும் வராது. பாசலுக்குப் பக்கத்தில் ஜேர்மனியின் ஏ5 நெடுஞ்சாலை, எல்லையைத் தாண்டியதும் அப்படியே சுவிஸ் நெடுஞ்சாலையாகிவிடுகிறது. அங்கிருந்தே வின்யெட் வேண்டும். இல்லாமல் பிடிபட்டால் 200 பிராங்க் தண்டம். அதற்குமேல் வின்யெட்டின் விலையையும் கட்டவேண்டும்.

வின்யெட் என்பது நெடுஞ்சாலையில் ஓடுவதற்கான ஆண்டுக் கட்டணம். சுவிஸில் 1985இல் 30 பிராங்குக்குத் தொடங்கினார்கள். 1995இல் அது 40 ஆனது. 2013 நவம்பரில் 100 பிராங்காக உயர்த்தலாமா என்று மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தினார்கள், மக்கள் மறுத்துவிட்டார்கள். இன்றும் 40 தான். முன்பு கண்ணாடியில் ஒட்டும் ஸ்டிக்கர் மட்டுமே இருந்தது. 2023 ஓகஸ்ட் 1 முதல் இணையத்திலும் வாங்கலாம். ஸ்டிக்கர் காரோடு ஒட்டியிருக்கும். இ-வின்யெட் காரின் இலக்கத்தகட்டோடு சேர்ந்திருக்கும். இந்த ஒரு வேறுபாட்டை மனதில் வைத்தால் கீழே வரும் எல்லாம் எளிதாகப் புரியும்.

படி 1: உங்களுக்குத் தேவையா என்று பாருங்கள்

3.5 தொன் வரையிலான கார், மோட்டார் சைக்கிள், வான், கேரவன் எல்லாவற்றுக்கும் வேண்டும். பின்னால் இழுத்துச் செல்லும் டிரெய்லருக்கும் தனியாக இன்னொன்று வாங்கவேண்டும். இதைப் பலர் தவறவிடுகிறார்கள்.

நெடுஞ்சாலையில் ஏறாமல் ஊர்ச்சாலைகளிலேயே போனால் வின்யெட் தேவையில்லை. ஆனால் ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். ஜேர்மனியில் அவுட்டோபான் பலகை நீல நிறம். சுவிஸில் நெடுஞ்சாலைப் பலகை பச்சை; நீலம் சாதாரணப் பிரதான சாலைக்கு. பழக்கத்தில் நீலத்தைத் தவிர்ப்பதாக நினைத்துப் பச்சையில் ஏறிவிட்டால் கட்டணச் சாலைக்குள் போய்விடுவீர்கள். எல்லைக்குப் பக்கத்திலேயே வேலை என்றால் வழிகாட்டிச் செயலியில் கட்டணச் சாலைகளைத் தவிர்க்கும்படி அமைத்துவிடுங்கள். சூரிச் வரை, பெர்ன் வரை போகிறவர்கள் இந்தச் சிரமம் படவேண்டாம். 40 பிராங்கைக் கட்டிவிட்டு நிம்மதியாக ஓட்டுவதே நல்லது.

படி 2: எந்த ஆண்டு என்று முடிவுசெய்யுங்கள்

சுவிஸில் ஒரு நாள் வின்யெட், ஒரு வார வின்யெட் என்று எதுவும் கிடையாது. ஒரு மணி நேரம் கடந்து போனாலும் ஆண்டு முழுக்க ஓடினாலும் ஒரே விலை. ஆனால் ஒரு வின்யெட் 14 மாதம் செல்லும்: முந்தின ஆண்டு டிசம்பர் 1 தொடங்கி, அடுத்த ஆண்டு ஜனவரி 31 வரை. ஆகவே நத்தார் விடுமுறைக்குப் போகிறவர்கள் டிசம்பரில் வாங்கும்போது அடுத்த ஆண்டுக்கானதையே தேர்ந்தெடுங்கள். அன்றைக்கே செல்லுபடியாகும், அடுத்த கோடை விடுமுறைக்கும் உதவும்.

படி 3: சரியான தளத்துக்குப் போங்கள்

எனக்கு இருக்கும் பெரிய கவலை இதுதான். நான் முதல்முறை வாங்கும்போது தேடுபொறியில் மேலே வந்த விளம்பரத்தைத் தட்டிவிட்டேன். பார்க்க அரசுத் தளம் போலவே இருந்தது. பணம் கட்டி முடித்த பிறகுதான் தெரிந்தது, அது ஒரு இடைத்தரகர் தளம், சேவைக் கட்டணம் என்று கூடுதலாக எடுத்திருக்கிறார்கள் என்று. வின்யெட் கிடைத்தது உண்மை. ஆனால் அந்தக் கூடுதல் பணத்துக்கு எந்தப் பயனும் இல்லை.

இ-வின்யெட்டை விற்பது சுவிஸ் கூட்டாட்சிச் சுங்க, எல்லைப் பாதுகாப்பு அலுவலகம். அதன் தளம் வியா டாட் அட்மின் டாட் சீஹெச் (via.admin.ch). முகவரியைக் கையால் தட்டச்சுச் செய்யுங்கள். அட்மின் டாட் சீஹெச் என்று முடிகிறதா, விலை சரியாக 40 பிராங்க்தானா, இந்த இரண்டையும் பாருங்கள். ஒன்று மாறினாலும் வெளியே வந்துவிடுங்கள். கணக்குத் திறக்கவோ கடவுச்சொல் உருவாக்கவோ தேவையில்லை.

படி 4: விவரங்களை நிரப்புங்கள்

தளத்தில் தமிழ் இல்லை. ஜேர்மன், பிரெஞ்சு, இத்தாலியன், ஆங்கிலம் உண்டு; உங்களுக்கு நன்றாகத் தெரிந்த மொழியை எடுங்கள். வாகன வகை, அது பதிவான நாடு, இலக்கத்தகடு, எந்த ஆண்டு, இவ்வளவுதான் கேட்பார்கள்.

நாடு என்ற இடத்தில் நீங்கள் போகும் நாட்டைப் போடக்கூடாது. காரின் இலக்கத்தகடு எந்த நாட்டுடையதோ அதைப் போடவேண்டும். பிறகு இலக்கம். நினைவிலிருந்து எழுதாதீர்கள். வாகனப் பதிவுப் பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகப் பாருங்கள். பூச்சியமும் ஓ என்ற எழுத்தும், ஒன்றும் ஐ என்ற எழுத்தும் மாறிப்போவது மிக எளிது. ஜேர்மன் தகடுகளில் மேலே இரண்டு புள்ளி உள்ள எழுத்து இருந்தால் அதையும் அப்படியே போடுங்கள். சாலையில் கமராவும் அதிகாரிகளும் பார்ப்பது இந்த இலக்கத்தைத்தான். ஓர் எழுத்து பிசகினால் வேறு யாரோ ஒருவரின் காருக்கு நீங்கள் பணம் கட்டியதாகிவிடும். முடிந்தால் நீங்கள் எழுத்தெழுத்தாகச் சொல்ல, வீட்டில் ஒருவர் திரையைப் பார்க்கட்டும்.

உங்கள் இலக்கத்தை மற்றவர்கள் தேடிப்பார்க்க அனுமதிக்கிறீர்களா என்றும் ஒரு கேள்வி வரும். அது உங்கள் விருப்பம்.

படி 5: பணம் கட்டி, பற்றுச்சீட்டை வைத்துக்கொள்ளுங்கள்

கடனட்டையில் கட்டலாம். கட்டிய உடனேயே செல்லுபடியாகும், காத்திருக்க வேண்டியதில்லை. பற்றுச்சீட்டைக் கைபேசியில் இறக்கி வையுங்கள். கண்ணாடியில் எதையும் ஒட்டத் தேவையில்லை.

இந்த வின்யெட்டில் கோட்ஹார்ட் சுரங்கமும் அடங்கும். கிட்டத்தட்ட 17 கிலோமீற்றர் நீளம், தனிக் கட்டணம் இல்லை. ஆனால் இத்தாலிக்குப் போகும் பெரிய சென் பெர்னார்ட் சுரங்கத்துக்குத் தனியாகக் கட்டவேண்டும்.

ஒஸ்திரியா வழியாகப் போகிறவர்களுக்கு

அங்கே விதிகள் வேறு. விற்பது அஸ்பினாக் நிறுவனம். ஒரு நாள், 10 நாள், 2 மாதம், ஓராண்டு என்று நான்கு வகை உண்டு. ஒரு நாள் என்பது 24 மணி நேரம் அல்ல, அந்தத் தேதியின் நள்ளிரவு வரைதான். இரவுப் பயணம் என்றால் இதை யோசித்து வாங்குங்கள். 2 மாத, ஓராண்டு வின்யெட்டை இணையத்தில் தனிநபராக வாங்கினால் 18ஆம் நாளில்தான் தொடங்கும். வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கும் நுகர்வோர் உரிமைக்காக அந்தக் காத்திருப்பு. ஒரு நாள், 10 நாள் வகைகளுக்கு அந்தத் தடை இல்லை. இன்ஸ்புருக்கிலிருந்து இத்தாலிக்கு ஏறும் பிரென்னர் சாலைக்குத் தனிக் கட்டணம். ஆனால் கூப்ஸ்டைனிலிருந்து இன்ஸ்புருக் வருவதற்கு வின்யெட் வேண்டும், ஆகவே இரண்டும் வாங்கவேண்டியிருக்கும். ஜேர்மனியிலிருந்து பிரெகென்ஸ் வழியாகச் சுவிஸ் போகிறவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: எல்லையிலிருந்து ஹோஹெனெம்ஸ் வரை 2019 டிசம்பர் முதல் வின்யெட் கேட்பதில்லை.

வாடகைக் கார், இரவல் கார்

சுவிஸில் எடுக்கும் வாடகைக் காரில் வின்யெட் இருக்கும். ஜேர்மனியிலோ பிரான்ஸிலோ எடுத்தால் பெரும்பாலும் இருக்காது, முன்கூட்டியே வாங்கவும் முடியாது. திறப்பு கைக்கு வரும்வரை இலக்கம் தெரியாதே. அதனால் காரை எடுத்ததும் அந்தத் தரிப்பிடத்திலேயே நின்று, முன்தகட்டைப் பார்த்து, கைபேசியில் வாங்கிவிட்டுப் புறப்படுங்கள். அண்ணாவின் காரையோ நண்பரின் காரையோ கொண்டுபோகிறீர்கள் என்றால் முதலில் அவரிடம் கேளுங்கள். அவர் ஏற்கனவே வாங்கித் தேடலுக்கு அனுமதி கொடுத்திருந்தால், இலக்கத்தைப் போட்டு அதே தளத்தில் நீங்களே பார்த்துக்கொள்ளலாம். அப்படி இருந்தால் உங்கள் 40 பிராங்க் மிச்சம்.