முதுமலைக்கு இரண்டு இரவு: சஃபாரியும் பறவை பார்த்தலும்

முதுமலையில் வனத்துறை வண்டி நம்மைக் காட்டுக்குள் கூட்டிப் போவது ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான். அதற்குள் புலியைப் பார்த்தே தீர வேண்டும் என்று வருபவர்களில் பெரும்பாலானோர் முகம் வாடித் திரும்புகிறார்கள். காட்டில் விலங்கு இல்லாமல் இல்லை. பார்ப்பதற்கு ஒதுக்கிய நேரம் போதவில்லை, அவ்வளவுதான். இரண்டு இரவு தங்கி, சஃபாரிக்கு இரண்டு முறையும் பறவைகளுக்கு ஒரு முழுக் காலையும் ஒதுக்கினால், புலி வராவிட்டாலும் காடு நம்மை வெறுங்கையோடு அனுப்பாது.

முதலில் இடத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். முதுமலைப் புலிகள் காப்பகத்தின் மையப்பகுதி 321 சதுர கி.மீ. மேற்கே கூடலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவமழை நன்றாகப் பெய்யும். மரங்கள் உயரம், நிழல் அடர்த்தி. கிழக்கே மசினகுடி, வாழைத்தோட்டம் போகப் போக மழை குறைந்து முட்காடாகிவிடும். நடுவே தெப்பக்காடு, பக்கத்தில் மாயாறு. சில கி.மீ. தூரத்துக்குள் காடு இப்படி மாறுவதால்தான் ஒரே பயணத்தில் ஈரக்காட்டுப் பறவையான தீக்காக்கையையும் வறண்ட வெளியில் திரியும் பனங்காடையையும் பார்க்க முடிகிறது.

எப்போது போவது? பறவைகளுக்கு நவம்பர் முதல் மார்ச் வரை. வலசை வரும் கதிர்க்குருவிகள், ஈபிடிப்பான்கள், ஆறுமணிக்குருவி எல்லாம் அப்போது இருக்கும். விலங்குகளுக்குப் பிப்ரவரியிலிருந்து: புல் காய்ந்து பார்வை தெளியும், தண்ணீர் இருக்கும் இடத்துக்கு விலங்குகள் வந்தாக வேண்டும். ஆனால் அதுவே காட்டுத்தீக் காலமும்கூட. அபாயம் கூடினால் சஃபாரியை நிறுத்திவிடுவார்கள். இரண்டும் கிடைக்க வேண்டுமென்றால் பிப்ரவரி முதல் பாதியே என் தேர்வு. முள்ளிலவும் புரசும் பூக்கும் பருவம் அது. பூத்த முள்ளிலவு மரம் ஒன்று கண்ணில் பட்டால் அன்றைய காலையின் பாதி வேலை முடிந்தது, தேன் தேடிப் பறவைகள் அங்கேயே வரும்.

கிளம்பும் முன் செய்ய வேண்டியவை மூன்று. 2024 மே முதல் நீலகிரிக்குள் நுழையும் வெளிமாவட்ட வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயம். மைசூரு வழியாகக் கக்கநல்லா சோதனைச் சாவடியில் நுழைந்தாலும் இதே விதிதான். சஃபாரியைக் காப்பகத்தின் இணையதளத்தில் முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். வார இறுதியில் தெப்பக்காட்டுக்கு நேரில் போய்க் கேட்டால் இடம் கிடைப்பது அரிது. பதிவில் உள்ள அதே அடையாள அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள். மூன்றாவது, தங்குமிடம். சீகூர் யானை வழித்தடத்தில் இருந்த விடுதிகள் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020-இல் வழித்தடத்தைக் காக்கும் அரசின் அறிவிப்பை உறுதி செய்தது. அதனால் முன்பணம் கட்டும் முன், விடுதி முறையான அனுமதியோடு இயங்குகிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். "ராத்திரி ஜீப் சஃபாரி உண்டு" என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். அது சட்டவிரோதம். அதைவிட, இரவில் விளக்கடித்து விரட்டப்பட்ட யானை மறுநாள் காலை ஊருக்குள் எந்த மனநிலையில் நிற்கும் என்று யோசியுங்கள்.

ஊட்டியிலிருந்து வருபவர்களுக்கு இரண்டு வழி. கல்லட்டி மலைப்பாதை கிட்டத்தட்ட பாதித் தூரம்தான், ஆனால் 36 கொண்டை ஊசி வளைவுகள், மிகச் செங்குத்து. பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போய்த்தான் அங்கே விபத்துகள் நடக்கின்றன. இறங்குவதற்குக் கட்டுப்பாடுகளும் உண்டு. கூடலூர் வழி சுமார் 67 கி.மீ. நேரம் கூடினாலும் பழக்கமில்லாத ஓட்டுநருக்கு அதுவே சரி.

மூன்று நாளை இப்படிப் பிரிக்கலாம். முதல் நாள் மதியம் வந்து சேர்ந்து மாலை சஃபாரி. இரண்டாம் நாள் விடிகாலை முழுவதும் பறவைகள், பத்து மணிக்கு மேல் பாறுகள் (பிணந்தின்னிக் கழுகுகள்). மூன்றாம் நாள் காலை முதல் வண்டியில் இரண்டாவது சஃபாரி. காலையில் சஃபாரியும் பறவையும் இரண்டும் வேண்டும் என்று ஒரே நாளில் திணித்தால் இரண்டும் கெடும், ஏனென்றால் இரண்டுக்கும் நல்ல நேரம் ஒன்றேதான்: ஆறரை முதல் ஒன்பதரை வரை.

சஃபாரி வண்டியில் கடைசி வரிசையைத் தவிருங்கள். பின் சக்கரத்துக்குப் பின்னால் குலுக்கல் அதிகம், புழுதியும் அங்கேதான் வந்து சேரும். ஆடை காய்ந்த இலை நிறத்திலோ மங்கிய பச்சையிலோ இருக்கட்டும்; வெள்ளையும் பளிச்சென்ற சிவப்பும் வேண்டாம். வாசனைத் திரவியம் பூச வேண்டாம். மூங்கிலும் உண்ணிச்செடியும் பாதையோரம் மண்டிக் கிடப்பதால் பார்வை பத்து மீட்டரைத் தாண்டாத இடங்கள் நிறைய. அங்கே முழு விலங்கைத் தேடாதீர்கள். ஒரு காதின் அசைவு, கிடைமட்டமான ஒரு முதுகுக் கோடு, இவற்றைத் தேடுங்கள். காட்டில் பெரும்பாலான கோடுகள் செங்குத்தானவை. படுக்கையாக ஒரு கோடு தெரிந்தால் அது பெரும்பாலும் விழுந்த மரம், சில நேரம் காட்டுமாடு. முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை போட்டதுபோல் இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

கண்ணைவிடக் காதுக்கு இங்கே வேலை அதிகம். புள்ளிமானின் எச்சரிக்கைக் குரல் கீச்சென்று கூர்மையாக ஒலிக்கும். ஆனால் புள்ளிமான் சின்னச் சலசலப்புக்கும் கத்திவிடும். கடமான் அப்படியில்லை. தகரத்தில் ஓங்கித் தட்டியதுபோல் கணீரென்று ஒற்றைக் குரல் எழுப்பினால், அதுவும் இடைவெளி விட்டுத் தொடர்ந்து எழுப்பினால், புலியோ சிறுத்தையோ செந்நாயோ அதன் கண் எதிரே இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். மரத்து உச்சியில் மந்தியும் சேர்ந்து இருமினால் இன்னும் உறுதி. அப்போது கத்தும் மானைப் பார்க்காதீர்கள், அது எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறதோ அந்தத் திசையைப் பாருங்கள். வண்டியின் எஞ்சினை அணைக்கச் சொல்லி ஓட்டுநரிடம் மெல்லக் கேளுங்கள். ஐந்து நிமிடம் பேசாமல் இருங்கள். குரல் நின்றுவிட்டால் வேட்டை விலங்கு மறைந்துவிட்டது அல்லது படுத்துவிட்டது. பெரும்பாலான வண்டிகளில் முதல் குரல் கேட்டதுமே யாராவது "எங்க, எங்க?" என்று எழுந்து நிற்பார்கள், அங்கேயே எல்லாம் முடிந்துவிடும்.

புலியைவிடச் செந்நாய்க்கு ஆசைப்படுவது நல்லது. பகலில் வேட்டையாடும், கூட்டமாகத் திரியும், திறந்த புல்வெளிக்கும் வரும். கருத்த புசுபுசு வால்தான் அடையாளம்.

இனி பறவைகள். காப்பகத்துக்குள் இஷ்டத்துக்கு நடக்க அனுமதியில்லை, நெடுஞ்சாலையில் வண்டியை நிறுத்தி இறங்குவதும் குற்றம். நடந்து பார்க்க வேண்டியது மசினகுடி, மாவனல்லா, பொக்காபுரம், வாழைத்தோட்டம் போன்ற ஊர்களின் குடியிருப்புச் சாலைகளில். உள்ளூர் வழிகாட்டி ஒருவரைக் கட்டாயம் கூட்டிப் போங்கள். முந்தைய இரவு யானை எந்தப் பக்கம் நின்றது என்பது அவருக்குத்தான் தெரியும். நன்றாக வெளிச்சம் வந்த பிறகு கிளம்பி, மாலை மங்கும் முன் அறைக்குத் திரும்பிவிடுங்கள்.

பைனாகுலர் 8×42 (எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 42 மி.மீ.) போதும். 10×42 பெரிதாகக் காட்டும், கை நடுக்கத்தையும் பெரிதாக்கும், வண்டியில் பயன்படாது. வாங்கிவந்த அன்றே நம் கண்ணுக்கு ஏற்பச் சரிசெய்ய வேண்டும். முதலில் இரண்டு குழல்களையும் மடக்கி விரித்து, இரண்டு வட்டம் ஒரே வட்டமாகும் இடத்தில் நிறுத்துங்கள். பிறகு வலது முன்கண்ணாடியை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, இருபது மீட்டர் தள்ளியுள்ள ஒரு கிளையின் விளிம்பை நடுச்சக்கரத்தால் கூர்மையாக்குங்கள். இப்போது இடது பக்கத்தை மூடி, நடுச்சக்கரத்தைத் தொடாமல், வலது கண்பக்கம் உள்ள வளையத்தை மட்டும் திருப்பி அதே விளிம்பைக் கூர்மையாக்குங்கள். அந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த வளையத்தைத் தொடாமலே விட்டால் அரை மணி நேரத்தில் தலை வலிக்கும். பழியைப் பைனாகுலர் மேல் போடுவோம். மூக்குக்கண்ணாடி அணிபவர்கள் ரப்பர் கிண்ணத்தைக் கீழே இறக்கி வைக்க வேண்டும், மற்றவர்கள் மேலே ஏற்ற வேண்டும். பறவையைப் பார்த்த கண்ணை எடுக்காமல் பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டு வாருங்கள். குனிந்து கருவியைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தால் பறவை இருக்காது.

புதிதாக வருபவர்கள் செய்யும் பெரிய தவறு நடந்துகொண்டே இருப்பது. காட்டுப் பறவைகள் பல, கலப்புக் கூட்டமாக இரை தேடும். இருபது நிமிடம் ஒரு சிறகும் அசையாது. பிறகு திடீரென்று துடுப்புவால் கரிச்சானின் உரத்த குரல் கேட்கும், பின்னாலேயே மின்சிட்டு, மரங்கொத்தி, கதிர்க்குருவி, அரசவால் ஈபிடிப்பான் என்று ஒரே மரத்தில் பத்து வகை வந்துவிடும். ஐந்து நிமிடத்தில் கூட்டம் நகர்ந்துவிடும். அந்த ஐந்து நிமிடத்தில் படம் எடுக்க முயன்றால் ஒன்றைத்தான் பார்ப்பீர்கள். முதலில் உச்சிக்கிளை, பிறகு தண்டு, கடைசியில் தரை என்று வரிசையாகப் பைனாகுலரை ஓட்டுங்கள். பழுத்த அத்தி அல்லது ஆலமரம் இருந்தால் முப்பது மீட்டர் தள்ளி உட்கார்ந்துவிடுங்கள். குக்குறுவான், பச்சைப்புறா, இருவாச்சி எல்லாம் தேடிக்கொண்டு அங்கேயே வரும்.

ஆறுமணிக்குருவி காலையும் மாலையும் ஆறு மணியை ஒட்டி இரண்டு சுருதியில் விசில் அடிக்கும். ஆளில்லாப் புதரடியில், சருகைப் புரட்டிக்கொண்டு தரையில் இருக்கும். அதைச் செல்பேசியில் ஒலி போட்டு அழைக்காதீர்கள். எதிரி வந்துவிட்டான் என்று நினைத்து இரை தேடுவதை விட்டுவிட்டுத் திரும்பத் திரும்ப வந்து கத்தும்.

வெயில் ஏறிக் காற்று சூடாகி மேலெழும்பத் தொடங்கியதும், பத்து மணி வாக்கில் வானத்தைப் பாருங்கள். தென்னிந்தியாவில் பாறுகள் எஞ்சியிருக்கும் வெகுசில இடங்களில் மாயாற்றுப் பள்ளத்தாக்கு முக்கியமானது. மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் ஊசி, இறந்த மாட்டைத் தின்ற பாறுகளின் சிறுநீரகத்தைச் சிதைத்தது. இந்தியாவில் கால்நடைக்கு அந்த மருந்து 2006-இல் தடை செய்யப்பட்டது. பறக்கும்போது இறக்கையின் அடிப்பகுதியைப் பாருங்கள். முன்பாதி வெள்ளை, பின்பாதியும் உடலும் கருமை என்றால் வெண்முதுகுப் பாறு. உடல் வெளிர்பழுப்பு, தலை கழுத்து கறுப்பு என்றால் கருங்கழுத்துப் பாறு. கறுப்பு உடல், சிவந்த தலை, தொடையருகே வெள்ளைத் திட்டு என்றால் செந்தலைப் பாறு, கிடைத்தால் பெரும்பேறு. வெண்மேனி, கறுப்பு இறக்கை ஓரம், ஆப்பு வடிவ வால் என்றால் மஞ்சள்முகப் பாறு. வெண்முதுகுப் பாறு ஓடைக்கரையின் உயர்ந்த நீர்மருது மரங்களில் கூடு வைக்கும். கூடு இருக்கும் இடம் தெரிந்தாலும் நெருங்காதீர்கள், படத்தோடு இடத்தைப் பகிராதீர்கள்.

படம் எடுப்பவர்களுக்குச் சுருக்கமாக: பறக்கும் பறவைக்கு ஷட்டர் 1/1600, அமர்ந்ததற்கு 1/500 போதும், ஐஎஸ்ஓவைத் தானாக மாற விடுங்கள். வானப் பின்னணியில் பறவை கறுத்துப் போகும், வெளிச்ச ஈட்டை (எக்ஸ்போஷர் காம்பன்சேஷன்) +1 வைக்கவும். துணிப்பையில் அரைக் கிலோ அரிசி நிரப்பி ஜன்னல் விளிம்பில் வைத்தால் முக்காலியைவிட வண்டியில் பயன்படும். குளிரூட்டிய அறையிலிருந்து கேமராவை நேராக வெளியே எடுத்தால் லென்ஸில் பனி படரும். கிளம்ப அரை மணி நேரம் முன் பையோடு வெளியே வைத்துவிடுங்கள்.

சாலையில் யானை வந்தால் ஹாரன் அடிக்க வேண்டாம், விளக்கை மினுக்க வேண்டாம். தூரத்திலேயே நின்று, பின்னால் வரும் வண்டிக்குக் கைகாட்டி, தேவைப்பட்டால் மெதுவாகப் பின்னால் எடுங்கள். காதை ஆட்டிக்கொண்டே தின்றால் நிம்மதியாக இருக்கிறது. காதை விரித்து அசையாமல் நின்றாலோ வால் விறைத்தாலோ இடம் காலி செய்ய வேண்டும். குரங்குக்கும் மானுக்கும் தீனி போடாதீர்கள். போடப்போட அவை சாலைக்கே வந்து வண்டியில் அடிபடுகின்றன.

வறண்ட மாதங்களில் புல்லில் உண்ணி அதிகம். பேன்ட் முனையைக் காலுறைக்குள் செருகி நடங்கள். அறைக்கு வந்ததும் முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள் பாருங்கள்; ஒட்டியிருந்தால் நசுக்காமல், தோலை ஒட்டி இடுக்கியால் பிடித்து நேராக இழுத்து எடுங்கள்.

கடைசி நாள் மைசூரு பக்கம் திரும்புவதாக இருந்தால் நேரத்தைக் கவனியுங்கள். தெப்பக்காட்டிலிருந்து பந்திப்பூர் வழியாகப் போகும் சாலை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடப்படும். எட்டு மணிக்கே கக்கநல்லாவைத் தாண்டிவிடும்படி கிளம்பினால், எல்லை கடக்கும் அவசரத்தில் மானின் மேல் வண்டியை ஏற்றும் நிலை வராது.