மாடி போர்ஷனுக்கு ஆள் பார்க்கும்போது

சூளைமேட்டில் எங்கள் மாடி போர்ஷனை 14 வருடமாக வாடகைக்கு விடுகிறேன். முன்பு ஒருமுறை ஒரு இளம்பெண் வீடு கேட்டு வந்தார். ஊர் மணிப்பூர் என்றார். "ஆள் வந்தாச்சும்மா" என்று பொய் சொல்லி அனுப்பிவிட்டேன். ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை, முகத்தைப் பார்த்தே முடிவெடுத்தேன். அவர் படியிறங்கிப் போனது இன்னும் உறுத்துகிறது. அதற்கப்புறம் நான் பழகிக்கொண்ட முறை இது.

போர்டு மாட்டுவதற்கு முன்பே கேள்விகளை எழுதி வையுங்கள். எத்தனை பேர், எங்கே வேலை, வண்டி உண்டா, ஏன் பழைய வீட்டைக் காலி செய்கிறார்கள், அந்த ஓனரின் நம்பர் என்ன. யார் வந்தாலும் இதே கேள்விகள்தான். ஊர் எது என்பது அக்ரிமெண்ட் எழுதும்போது தெரிந்தால் போதும். "வடக்கத்தி ஆளுங்க வேண்டாம்தானே?" என்று புரோக்கரே எடுத்துக்கொடுப்பார். அப்படி நான் சொல்லவில்லை என்று அங்கேயே மறுத்துவிடுங்கள்.

பழைய ஓனரிடம் பேசுவதுதான் முக்கியம். "ஆளுங்க எப்படி?" என்று கேட்காதீர்கள். கேட்டால் "அவங்க ஆளுங்களே அப்படித்தான்" என்று ஆரம்பித்துவிடுவார். வாடகை எந்தத் தேதியில் வந்தது, அட்வான்ஸில் எதற்காவது பிடித்தீர்களா என்று கேளுங்கள். அப்போதுதான் அந்த ஒரு ஆளைப் பற்றிப் பேசுவார்.

அட்வான்ஸிலும் பாரபட்சம் ஒளிந்திருக்கும். நம்மூர்க்காரருக்கு 3 மாதம், மற்றவருக்கு 10 மாதம் என்று கேட்பது அநியாயம். வேறு உடன்பாடு இல்லாவிட்டால் 3 மாத வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது என்றுதான் தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டம் சொல்கிறது.

சமையல் வாசனை என்று தயங்குகிறீர்களா? மணிப்பூரில் ஙாரி என்று மீனைப் புளிக்கவைத்துச் சமைப்பார்கள். என் அடுப்பில் வாரம் தவறாமல் நெத்திலிக் கருவாடு. சமையலறையில் எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டினேன், சரியாகிவிட்டது.

பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் 1960-களில் மணிப்பூர் எல்லையிலுள்ள மோரேயில் குடியேறி, அங்காள பரமேஸ்வரிக்குக் கோயிலும் கட்டினார்கள். முகமும் மொழியும் வேறான ஊரில்தானே அவர்களும் வீடு தேடியிருப்பார்கள்?

குடிவந்த பிறகும் கவனம் வேண்டும். இப்போது மாடியில் மிசோரம் தலைநகர் ஐஸ்வாலிலிருந்து வந்த இரண்டு பெண்கள். ஒருவர் 3ஆம் தேதியே தன் பங்கைக் கொடுத்துவிடுவார். மற்றவர் மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்துபோவார். போன மாதம் தொட்டி வழிந்தபோது மறந்தவரை மட்டும் கூப்பிட்டுச் சொன்னேன். போனில் அலாரம் வைத்துக்கொண்டார்.